வெளியில் தொங்கும் பூட்டு

1

வீட்டுக் கதவில் வெளிப்பக்கம் பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இதில் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. மலாக்காவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பத்து வருடம் முடிகிற இந்த நேரத்தில்தான் வந்திருக்கிறது. அதிலிருந்து எந்தக் கதவில் பூட்டைப் பார்த்தாலும் நின்று காது கொடுக்கிறேன்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியா என்றதும் எல்லோருக்கும் அந்த இரட்டைக் கோபுரம்தான் ஞாபகம் வருகிறது. போன தடவை ஊருக்கு வந்தபோது பலசரக்குக் கடைக்காரர், "அது உங்க வீட்டு மாடியில நின்னா தெரியுமாம்மா?" என்று கேட்டார். எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. வாசலில் நின்றால் பத்து பெரண்டாம் என்கிற எங்கள் பகுதியின் தொழிற்சாலை விளக்குகள் தெரியும், அவ்வப்போது தாழப் பறக்கிற விமானம் தெரியும். என் கணவர் அந்தோணி அந்தத் தொழிற்சாலைகளில் ஒன்றில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறார். ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் இரவு வேலை. எங்கள் ஒரே மகள் ரியா அடுத்த ஆண்டு முதலாம் வகுப்புக்குப் போகிறாள்.

நான் வாரநாட்களில் காரை எடுத்துக்கொண்டு அலோர் காஜா பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குப் போகிறேன். தோட்டம் என்றால் எஸ்டேட். முன்பு ரப்பர், இங்கே அதைப் பால்மரம் என்பார்கள். இப்போது கண்ணுக்கெட்டிய வரை எண்ணெய் எடுக்கிற செம்பனை. மரத்து வேலையெல்லாம் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த ஆட்கள் கைக்குப் போய்விட்டது. போக்கிடம் இல்லாத தமிழ்க் குடும்பங்கள் மட்டும் லயம் என்கிற பழைய வரிசை வீடுகளில் இன்னும் குடியிருக்கிறார்கள். ஆண்கள் லாரி ஓட்டவும் காவல் வேலைக்கும் போகிறார்கள். பெண்கள் கம்பெனி பஸ் ஏறிப் பத்து பெரண்டாமுக்கு வருகிறார்கள். நான் இங்கிருந்து அங்கே போகிறேன், அவர்கள் அங்கிருந்து இங்கே வருகிறார்கள். ஒரே சாலைதான், நேரம்தான் வேறு.

தோட்டத்தின் நடுவில் ஆயாக்கொட்டகை என்று ஒரு கட்டடம் இருக்கிறது. பால்மரக் காலத்தில் வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அங்கே ஓர் ஆயாவிடம் விட்டுப் போவார்களாம். உத்தரத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள் இருக்கின்றன, சேலைத் தொட்டில் கட்டியவை. இப்போது அவற்றில் நாங்கள் கயிறு கட்டி எழுத்து அட்டைகளைத் தொங்கவிட்டிருக்கிறோம். தோட்டத்துக் கோவில் கமிட்டித் தலைவர் நாதன் அங்கிள்தான் இந்தப் பாலர் வகுப்பை ஆரம்பித்தவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இரண்டு பேனா இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது.

ஏன் ஆரம்பித்தார் என்றால், இந்த லயத்துப் பிள்ளைகள் முதலாம் ஆண்டில் போய் உட்காரும்போது பக்கத்தில் இருக்கிற டவுன் பிள்ளை ஏற்கெனவே இரண்டு வருடம் டாடிகா படித்துவிட்டு வந்திருக்கும். டாடிகா என்பது நம் ஊர் எல்.கே.ஜி., யு.கே.ஜி. மாதிரி. அந்தப் பிள்ளை கடகடவென்று வாசிக்கும். இந்தப் பிள்ளைக்குப் பென்சிலை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்புவார்கள். அங்கே போன பிள்ளை தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்று முடிவு கட்டிக்கொள்ளும். பின்வரிசை என்பது பழகிப்போனால் அப்புறம் வசதியாகத்தான் இருக்கும். எழுந்து வருகிறவர்கள் ரொம்பக் குறைவு.

வகுப்பு எட்டரைக்கு. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வருவார்கள். இன்னும் வரவேண்டிய பிள்ளைகள் இருப்பது எங்களுக்குத் தெரியும். அங்கிளும் நானும் ஒருநாள் லயம் லயமாகப் போய்க் கதவைத் தட்டினோம். பாதி வீடுகளில் பூட்டு தொங்கியது.

"ஆள் இல்ல டீச்சர். இவங்களுக்கு அக்கறை கெடயாது லா. பிள்ளைய சொந்தக்காரங்க வீட்ல தள்ளிட்டுப் போய்டுவாங்க," என்றார் அங்கிள். இங்கே யார் பேசினாலும் கடைசியில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். நானும் தலையாட்டிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனேன்.

2

நானும் பால்வாடியில் வளர்ந்த பிள்ளைதான். எங்கள் ஊரில் விடிவதற்கு முன்பே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து ஹாரன் அடிக்கும். அம்மா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஓடுவாள். பஸ்ஸில் பெரியவர்களுக்குச் சமமாகச் சின்னப் பிள்ளைகளும் போவார்கள், பாதித் தூக்கத்தில் தலை தொங்கிக்கொண்டு. நான் அந்தப் பஸ்ஸில் ஏறாமல் தப்பியதற்குப் பால்வாடிதான் காரணம். அங்கே சோறும் பருப்பும் உண்டு, பாட்டு உண்டு, மத்தியானத் தூக்கம் உண்டு. சிலேட்டில் வட்டம் போடுவதற்குக் கை பழகியது அங்கேதான். அதற்கப்புறம் பள்ளிக்கூடம் எனக்குச் சுலபமாக இருந்தது. கணக்கில் பட்டம் வாங்குகிற வரை போனேன்.

ஊரில் கூட்டங்களில் யாராவது பால்வாடியின் பெருமையைப் பேசினால் நான் எழுந்து நின்று கைதட்டுவேன். ஆனால் ஒன்றை யாரும் பேச மாட்டார்கள். பால்வாடி திறப்பது ஒன்பது மணிக்கு. பஸ் வருவது இருட்டில். நடுவில் என்னை வைத்திருந்தது என் அக்கா எஸ்தர். எனக்குப் பல் தேய்த்துவிட்டு, தலை சீவிவிட்டு, பால்வாடியில் கொண்டுபோய் விட்டுவிட்டு அவள் பள்ளிக்கு ஓடும்போது மணி அடித்து நேரமாகியிருக்கும். வெளியில் நிற்க வைப்பார்கள். நின்று நின்று பார்த்தாள். ஐந்தாம் வகுப்போடு, இனிப் பள்ளிக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டாள். அந்த வருடமே அம்மாவோடு பஸ் ஏறினாள்.

என்னால்தான் அக்காவின் படிப்பு நின்றது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவளுடைய காலைப்பொழுதையும் நான் நடத்துகிற வகுப்பையும் ஒன்றாக வைத்து யோசித்ததே இல்லை.

3

போன மாதம் ரியாவின் டாடிகாவுக்கு ஒருநாள் விடுமுறை. அந்தோணிக்குப் பகல் வேலை. வேறு வழியில்லாமல் அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. கொட்டகையில் ஏர்கான் இல்லை, எறும்பு இருக்கிறது, வேகவைத்த முட்டை கொடுக்கிறார்கள். ரியா நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மலாய். "அம்மாவோட புவர் டாடிகா" என்று ஒருமுறை சொல்லி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

வகுப்பின் நடுவே விளையாட வெளியே போனவள் திரும்பி ஓடிவந்தாள்.

"அம்மா, பின்னால ஹவுஸ்ல ஒரு கர்ள் இருக்கா. ஷி இஸ் டூயிங் அட்டெண்டன்ஸ்."

கொட்டகையை ஒட்டினாற்போலப் பின்னால் ஒரு லயம். கடைசி வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. அங்கிளும் நானும் தட்டாமலே கடந்துபோன வீடு. பக்கவாட்டில் கண்ணாடிப் பட்டை ஜன்னல், கொஞ்சமாகத் திறந்திருந்தது. உள்ளே ஒரு பிள்ளையின் குரல்.

"சர்வின்."

"இருக்கேன் டீச்சர்."

"தர்ஷினி."

"இருக்கேன் டீச்சர்."

கேட்கிறதும் அந்தக் குரல்தான், பதில் சொல்கிறதும் அந்தக் குரல்தான். ஒவ்வொரு பேருக்கும் ஒரு மாதிரி குரலை மாற்றிக்கொண்டாள். என் வகுப்புப் பிள்ளைகளின் பேர்கள், நான் தினமும் கூப்பிடுகிற அதே வரிசையில். நடுவில் ஒருமுறை, "சத்தம் போடாதட்டி," என்று அதட்டினாள். மலேசியாவில் யாரும் 'ட்டி' போட்டுப் பேசுவதில்லை. அது என் வாயிலிருந்து சுவர் தாண்டிப் போனது. கடைசிப் பேரும் முடிந்தது. கொஞ்சம் நிறுத்தி, "கீர்த்தனா," என்றாள். அந்தப் பேர் என் வகுப்பில் இல்லை. அதற்கு அவள் குரலை மாற்றவில்லை. "இருக்கேன் டீச்சர்," என்றாள்.

நான் ஜன்னலுக்குக் கீழே நின்று, "கீர்த்தனா," என்றேன். உள்ளே சத்தமே இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன்.

"யாரு கூப்ட்டாலும் சத்தம் குடுக்கக் கூடாது," என்றது குரல்.

"இப்ப குடுத்துட்டியே."

"நீங்க டீச்சர்தானே லா."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அம்மா வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். பக்கத்து வீட்டுச் சாந்தா அக்கா கிளினிக்கில் கூட்டித் துடைத்துவிட்டு மத்தியானம் வந்து திறப்பார். மைலோ ஃபிளாஸ்க்கில் இருக்கிறது, பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. அடுப்புப் பக்கம் போகக் கூடாது. டிவி போடலாம், சத்தம் வைக்கக் கூடாது. எல்லாவற்றையும் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்.

ரியா என் சுடிதாரைப் பிடித்து இழுத்தாள். "ஒய் ஷி கெனாட் கம் அவுட், அம்மா?"

நான் பூட்டை இழுத்துப் பார்த்தேன். மின்சாரம் கசிந்தால் என்ன ஆகும்? குளியலறையில் வழுக்கினால்? செம்பனைக் காட்டில் பாம்புக்குப் பஞ்சமில்லை. பழைய லயத்து வீடு, பலகைச் சுவர், ஒரு தீப்பொறி போதும். தீப்பெட்டி ஆபீஸ் ஊர்க்காரிக்குத் தீயைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வகுப்பை முடித்துவிட்டு ரியாவோடு அந்த ஜன்னலுக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தேன். ரியா உள்ளே இருக்கிறவளுக்குத் தன் முட்டையைக் கண்ணாடிப் பட்டைக்கு நடுவில் நுழைக்கப் பார்த்து நசுக்கிவிட்டாள். சாந்தா அக்கா வந்து பூட்டைத் திறந்து, எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனார்.

"இவ அம்மா லோகேசத் திட்டிராதீங்க டீச்சர். அவ சும்மாவே பயந்து சாகறா," என்றார்.

4

அன்று சாயங்காலம் ஊரில் இருக்கும் அக்காவை ஃபோனில் கூப்பிட்டேன். ஜன்னலையும் பேர் கூப்பிட்டதையும் சொன்னேன். அந்தத் தாயைப் பற்றிக் கோபமாகவும் ஏதோ சொன்னேன். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ எத்தன மணிக்குட்டி வேலைக்குப் போறா?"

"இருட்டுலயே பஸ் வந்துருமாம்."

"ஒன் பள்ளிக்கூடம் எத்தன மணிக்கு?"

"எட்டரைக்கு."

"அப்ப அந்த நேரத்துல பிள்ளைய யாரு பாக்கா?"

அக்கா தன் கதையை எடுக்கவில்லை. அவள் எடுக்க மாட்டாள். "அவளுக்கு நம்மள மாதிரி மூத்தது ஒண்ணு இல்லபோல," என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று ஃபோனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை லோகேசைப் பார்க்கப் போனேன். லோகேஸ்வரி, முப்பதுகூட இருக்காது. கணவர் ஜொகூருக்கு லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் ஒருநாள் வீட்டில் இருந்தால் பெரிய விஷயம். என்னைக் கண்டதும் கீர்த்தனாவைப் பின்னால் தள்ளி நிறுத்திக்கொண்டாள்.

"பசியாறிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். காலையில் சாப்பிட்டாயா என்பதை இங்கே அப்படித்தான் கேட்பார்கள். கேட்டது வழக்கத்துக்கு, கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. நான் உட்கார்வதற்குள், "போலீசுல சொல்லப் போறீங்களா?" என்றாள்.

"இல்லம்மா."

"கமிட்டியில?"

அதற்கு நான் தரையைப் பார்த்தேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். கீர்த்தனா ஓடிப்போய் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். அம்மா அழும்போது அப்படிச் செய்வது பழக்கம்போல.

"டவுன்ல பிள்ள பாக்கறவங்ககிட்ட விட்டா என் சம்பளத்துல பாதி போயிரும் டீச்சர். சாந்தா அக்காவும் காலைல கெளம்பிடுவாங்க. ஒங்க கிளாஸ் நல்ல கிளாஸ், எனக்குத் தெரியும். இவ பாட்டெல்லாம் பாடறா, சுவத்துல 'அ' எழுதறா. ஆனா எட்டரைக்கு இவளக் கொண்டாந்து விட யாரு இருக்கா? பூட்டாம போனா வெளிய போயிருவா. பூட்டுனா உள்ள இருப்பா. நான் மெஷின் முன்னால நிக்கறேன், மனசு இந்தக் கதவுலயே நிக்குது."

நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். திட்ட வந்தவள் திட்டாமல் எழுந்தேன். வாசலில் செருப்புப் போடும்போது, "இப்படிப் பூட்டிட்டுப் போறது நீ மட்டுந்தானா?" என்று கேட்டேன். அவள் தெருவைப் பார்த்தாள்.

5

கொட்டகையைப் பஸ் வருவதற்கு முன்பே திறக்கலாம் என்று நாதன் அங்கிளிடம் சொன்னேன். கீர்த்தனாவுக்காக என்று சொன்னேன். பூட்டியதைப் பற்றிச் சொல்லாமல் மறைக்கத்தான் பார்த்தேன். அவர் ஏன் ஏன் என்று கேட்டு வாங்கிவிட்டார்.

"ஐடியா நல்லாதான் இருக்கு டீச்சர். ஆனா சூசா லா," என்றார். கஷ்டம் என்பதை இங்கே அப்படிச் சொல்வார்கள். "பாலர் பள்ளின்னா ஒரு பெர்மிட். பிள்ள பாத்துக்கற எடம்னா வேற பெர்மிட். ரெண்டும் வேற வேற ஆபீஸ். தீயணைப்புல இருந்து பொம்பாக்காரன் வந்து, தீ புடிச்சா எந்தப் பக்கம் ஓடறதுன்னு பாக்கணும். தோட்டத்து ஆபீசுல கணக்கு எழுதற கிராணியார் சாவி குடுக்கறதே எட்டு மணிக்கு. நீங்க ஊர்லேர்ந்து வந்தவங்க, ஒங்களுக்கு இங்கத்த சட்டம் தெரியாது."

பத்து வருடமாக இந்த வாக்கியத்தைக் கேட்டு வருகிறேன். வழக்கமாகச் சிரித்துவிட்டு வருவேன். பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தர ஓர் இலாகா, பிள்ளையைப் பத்திரமாக வைத்திருக்க வேறோர் இலாகா. ஆனால் பிள்ளை ஒன்றுதான். அதை இரண்டாக வெட்டி இரண்டு ஆபீசுக்கு அனுப்ப முடியாது.

"எதாவது ஆச்சுனா யாரு பொறுப்பு?" என்று அங்கிள் கேட்டார்.

"இப்ப பூட்டி வச்சிருக்காங்களே அங்கிள், அங்க எதாவது ஆச்சுனா யாரு பொறுப்பு?"

"அது அவங்க அம்மா."

இவ்வளவு நல்ல மனிதர் இதை இவ்வளவு சாதாரணமாகச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. சமூக நீதி என்று மேடையில் பேசுகிறவர்களை ஊரில் நிறையக் கேட்டிருக்கிறேன், நல்ல பேச்சுகள்தான். எனக்கு அது இப்போது ஒரே கேள்வியாகச் சுருங்கிவிட்டது. வேலைக்குப் போகிறவளின் பிள்ளை காலையில் எங்கே இருக்கிறது? அதற்குப் பதில் இல்லாமல் எத்தனை எழுத்து அட்டை தொங்கவிட்டு என்ன?

அப்படியே சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். எனக்கே சங்கடமாகப் போய், பேச்சை மாற்ற, "இந்தக் கொட்டகையில நீங்களும் இருந்திருக்கீங்களா அங்கிள்?" என்று கேட்டேன்.

"பின்ன? இந்தத் தொட்டில்லதான் போட்டுட்டு எங்கம்மா பெரட்டுக்கு ஓடுவாங்க." பெரட்டு என்பது வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அங்கிள் மேலே கொக்கிகளைப் பார்த்தார்.

"பெரட்டு எப்ப அங்கிள்?"

"இருட்டுலயே."

"அப்ப கொட்டகை?"

"அதுக்கு முன்னாடியே தொறந்து..." பேனாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கிராணியாரிடம் என்ன பேசினாரோ தெரியாது. இரண்டாவது சாவி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். பெர்மிட்டுக்கு அலைகிற பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். "ஒரு மாசம் பாப்போம் டீச்சர். ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுனா பூட்டிருவோம்," என்றார்.

6

சாவி கிடைத்ததும்தான் எனக்குப் புரிந்தது, இருட்டில் தோட்டத்தில் நான் நின்றால் ரியாவை யார் பார்ப்பது? அந்தோணி இரவு வேலை முடிந்து வருவதற்குள் வெளிச்சம் வந்துவிடும். பகல் வேலை வாரத்தில் அவர் எனக்கு முன்பே கிளம்பிவிடுவார். லோகேசின் கணக்கு அப்படியே என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் கதவில் நல்ல பூட்டு இருக்கிறது. அந்த நினைப்பு வந்த கணத்திலேயே எழுந்து போய் ரியாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

வழி ஒன்றுதான் இருந்தது. ரியாவையும் கூட்டிப்போக வேண்டும். அவள் டாடிகாவை விட்டுவிட்டுத் தோட்டத்து வகுப்பிலேயே இருக்க வேண்டும்.

அந்தோணி சண்டை போடுகிறவர் இல்லை. மெதுவாகத்தான் பேசுவார், அதுதான் கஷ்டம்.

"அவளுக்கு இங்கிலீஷ் போயிரும்."

"போகாது. நம்ம வீட்டுல அது மட்டுந்தானே இருக்கு."

"அடுத்த வருஷம் ஸ்டாண்டர்ட் ஒன். இப்ப போயி ஏன் ரிஸ்க் எடுக்கற? அந்தப் பிள்ளைக்கு நல்லது பண்ணு, வேணாங்கல. நம்ம பிள்ளைய வச்சு ஏன் பண்ற?"

"நம்ம பிள்ளைக்கு ஆகாத எடம்னா அந்தப் பிள்ளைக்கு மட்டும் எப்படிங்க ஆகும்?"

அவர் விசாவுக்கு வந்தார். நான் இன்னும் அவருடைய மனைவி என்ற விசாவில்தான் இங்கே இருக்கிறேன், வேலைக்கென்று தனி அனுமதி வாங்கவில்லை. போன முறை குடிநுழைவு அலுவலகத்தில் அதிகாரி என்ன செய்கிறாய் என்று மலாயில் கேட்டாள். பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். எங்கே, எவ்வளவு நாளாக என்று அவள் கேட்டது பாதி புரிந்தது, புரிந்த பாதிக்குத் தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்று வீட்டுக்கு வந்த பிறகும் எனக்குத் தெரியவில்லை. "ஏதாச்சும் பிரச்சினைன்னா கமிட்டியில யாரையும் கேக்க மாட்டாங்க, ஒன்னத்தான் கேப்பாங்க," என்றார் அந்தோணி. அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது, இதை எழுதும்போதும் இருக்கிறது.

கடைசியில் அவர்தான் காரின் பின்சீட்டில் தலையணையும் போர்வையும் கொண்டுபோய் வைத்தார்.

முதல் நாள் தோட்டத்துச் செம்மண் சாலையில் கார் திரும்பும்போது கும்மிருட்டு. ரியா போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். கொட்டகையைத் திறந்து விளக்கைப் போட்டேன். பாய் விரித்து ரியாவைக் கிடத்தினேன். அவளுக்கும் கீர்த்தனாவுக்கும் ஒரு பாய் போதும் என்று இன்னொன்றைச் சுருட்டி வைத்தேன். தூரத்தில் கம்பெனி பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்தது.

லோகேஸ் தூங்குகிற கீர்த்தனாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். பிள்ளையை என் கையில் கொடுத்தாள். பேச நேரமில்லை. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள், இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. நான் பார்த்தே இராத முகங்கள், பார்த்தே இராத பிள்ளைகள். "லோகேஸ் சொன்னா டீச்சர், இவனையும் வச்சுக்கறீங்களா?" என்றாள் ஒருத்தி. "சாய்ந்தரம் பேசறேன் டீச்சர்," என்று சொல்லிக்கொண்டே ஓடினாள் இன்னொருத்தி. பஸ் ஹாரன் அடித்தது. எங்கள் ஊர்ப் பஸ்ஸின் அதே ஹாரன்போல இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுவதற்குக் கை காலியாக இல்லை.

வெளிச்சம் வந்த பிறகு லயத்தைப் பார்த்தேன். நாங்கள் பூட்டைப் பார்த்து ஆள் இல்லை என்று நகர்ந்துபோன கதவுகளில் இன்றும் பூட்டு தொங்கியது. உள்ளே இன்றுதான் ஆள் இல்லை. சுருட்டி வைத்த பாயைத் திரும்ப விரித்தேன். அது போதவில்லை.

7

மாதம் முடிய இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. பெர்மிட் வரவில்லை. பொம்பாக்காரர்கள் வந்து பின்பக்கம் இன்னொரு கதவு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அங்கிள் தச்சரைத் தேடிக்கொண்டிருக்கிறார். சர்வினுக்குக் காய்ச்சல் வந்த அன்று எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு பிள்ளை மூக்கில் பயறைப் போட்டுக்கொண்டது. ஒவ்வொரு நாளும் மத்தியானம் கடைசிப் பிள்ளையையும் பக்கத்து வீட்டு ஆள் யாராவது வந்து கூட்டிக்கொண்டு போன பிறகுதான் மூச்சு விடுகிறேன். பூட்டிவிடுவார்களோ என்று பயம், பூட்டாமல் ஏதாவது ஆகிவிடுமோ என்றும் பயம். அக்கா மட்டும் தினமும் கேட்கிறாள், "இன்னைக்கு எத்தன பிள்ளட்டி?" என்று. எண்ணிக்கையைச் சொன்னால், "சரி, சாப்பிடு," என்கிறாள்.

ரியா, "சாப்ட்டாச்சு லா," என்று தமிழில் பதில் சொல்லத் தொடங்கியிருக்கிறாள். அது லயத்துத் தமிழ் என்று அந்தோணிக்கு வருத்தம். எனக்கு அதில் வருத்தமா சந்தோஷமா என்று இன்னும் பிடிபடவில்லை.

கீர்த்தனாவைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அவள் கதவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். பாட்டு நடந்தாலும் கதை நடந்தாலும் இடையில் எழுந்துபோய்க் கதவைத் தள்ளிப் பார்ப்பாள். திறக்கும். வெளியே எட்டிப் பார்ப்பாள், வந்து உட்காருவாள். குரங்கு வரும், கதவைச் சாத்துங்கள் என்று அங்கிள் சொல்கிறார். குரங்கு இரண்டு தடவை வந்து முட்டையைத் தூக்கிக்கொண்டும் போயிற்று. நான் கதவை ஒருக்களித்துத்தான் வைக்கிறேன், தாழ் போடுவதில்லை.

முதல் நாட்களில் பேர் கூப்பிடும்போது பெரிய கலவரம். சர்வின் என்றால் கீர்த்தனா, "இருக்கேன் டீச்சர்," என்பாள். தர்ஷினி என்றாலும் அவள்தான். பழக்கம். "ஏய், அது நானு," என்று பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். ரியாதான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "நாட் யூ, வெயிட்," என்று வாயில் கை வைத்துத் தடுப்பாள். இப்போது அடங்கிவிட்டது. மற்றவர்கள் பேருக்கு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருக்கிறாள்.

இன்று காலையும் கடைசியாக அவள் பேரைக் கூப்பிட்டேன். எழுந்தாள். கதவுக்குப் போய்த் தள்ளினாள், திறந்தது. வெளியே பார்த்தாள். திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு, "இருக்கேன் டீச்சர்," என்றாள்.